நீலத் தொப்பியின் உயிர்கள்

உட்காருங்கள். அந்த வயரை மட்டும் மிதிக்காதீர்கள்; கொஞ்சம் அசைந்தாலும் படம் போய்விடும், அப்புறம் முதலிலிருந்துதான் ஆட வேண்டும். இந்தப் பழைய டிவி கேமில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. இப்போதைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எங்காவது உங்களுக்கு உதவும். கேசட் வேலை செய்யாவிட்டால் எல்லோரும் அதன் வாயில் ஊதுவார்கள். ஊதவே கூடாது. எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பிடித்துவிடும். மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். நான் கண்ணாடிக் கடைக்காரன். துணிக்கும் பஞ்சமில்லை, துடைப்பதற்குப் பொறுமையும் உண்டு.

நீங்கள் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்ன இரண்டு வரியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "உங்க தம்பியை நீங்கதான் கொன்னீங்கன்னு அவரு சம்சாரம் புகார் குடுத்திருக்காங்க சார்." அவள் சொல்வது சரிதான். எந்தப் பிரிவில் எழுதுவீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. கத்தி இல்லை, விஷம் இல்லை, நான் அவனைத் தொடக்கூட இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிவை நீங்களே தேடிக்கொள்ளுங்கள், அது உங்கள் வேலை.

முதலில் உங்களுக்கு ஆட்டம் தெரிய வேண்டும்.

எரியும் கோபுரம் ஒன்று. அதில் மாடி மாடியாக ஏறும் இரண்டு தீயணைப்பு வீரர்கள். ஒருவனுக்குச் சிவப்புத் தொப்பி, மற்றவனுக்கு நீலத் தொப்பி. ஒரு பட்டனை அழுத்தினால் குதிப்பார்கள், மற்றதை அழுத்தினால் தண்ணீர் அடிப்பார்கள். யாராவது ஒருவன் ஜன்னலைத் தொட்டுவிட்டால் போதும், இருவரும் அடுத்த மாடிக்குப் போய்விடலாம். உச்சி மாடியில் வாயைப் பிளந்துகொண்டு நெருப்பைத் துப்பும் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு 'அடுப்பு பூதம்' என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஆளுக்குச் சில உயிர்கள். வழியில் எட்டாத உயரங்களில் மணிகள் தொங்கும். எட்டிக் குதித்துத் தொட்டால் ஓர் உயிர் கூடும்.

நான் மூத்தவன், அதனால் முதல் ஜாய்ஸ்டிக் எனக்கு, சிவப்புத் தொப்பி எனக்கு. இரண்டாவது சின்னவனுக்கு. அதில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனே கிடையாது. நிறுத்துவதும் தொடர்வதும் முதல் ஜாய்ஸ்டிக்கின் உரிமை. போதாததற்கு, அவனுடையதில் தண்ணீர் அடிக்கும் பட்டன் உள்ளே இறங்கிப் போயிருந்தது. எப்படிப் போனது என்று நினைவில்லை. பட்டன் என்றால் ஒருநாள் இறங்கத்தான் செய்யும். ஆக, சின்னவனால் குதிக்க மட்டும்தான் முடியும். நெருப்புப் பந்துகள் அவன் பின்னால் ஓடும், அவன் இங்கும் அங்கும் குரங்குபோல் தாவிக்கொண்டிருப்பான், நான் நின்று நிதானமாகத் தீயை அணைப்பேன். வேலை செய்தது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மணியைத் தொடுவதில் மட்டும் அவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கமாட்டேன்.

இப்போது முக்கியமான விதிக்கு வருகிறேன். ஒருவனுக்கு உயிரெல்லாம் தீர்ந்துவிட்டால், இரண்டு பட்டனையும் ஒருசேர அழுத்தினால் போதும். கூட்டாளியிடம் மிச்சமிருக்கும் உயிரில் ஒன்று இந்தப் பக்கம் வந்துவிடும். அவனிடம் கேட்க வேண்டியதில்லை, அவனால் தடுக்கவும் முடியாது. இந்த விதியை எழுதியவனுக்குக் கூடப் பிறந்தவர்கள் இருந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை நாங்கள் உச்சி மாடி வரை போனோம். ஒரு விடுமுறை நாளின் மத்தியானம். அடுப்பு பூதம் சிவந்து, இன்னும் நாலைந்து முறை தண்ணீர் பட்டால் அணைந்துவிடும் என்ற நிலை. அப்போது பார்த்தால் உயிர் இல்லை. எனக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. நான் கீழ் மாடிகளில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை எங்கே போயின? அவன் எடுத்திருக்கிறான். ஒவ்வொன்றாக, கேட்காமல், என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. அன்று அவனை நன்றாக அடித்தேன். அவன் அழுதானே தவிர, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போதாதா? அந்த வாரமே வீடு மாறினோம். ஆட்டப் பெட்டியை அப்பா யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். தன் ஜாய்ஸ்டிக்கை மட்டும் சின்னவன் பள்ளிக்கூடப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டான்.

சிறுபிள்ளை விளையாட்டு என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் சொல்வாள். ஆனால் நான் பெரியவனாகி, சொந்தக் கடை வைத்து, முதலில் தேடி வாங்கியது இந்தப் பெட்டியைத்தான். தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் ஓர் ஆட்டம். உச்சி மாடிக்குப் போவேன், சாவேன், முதலிலிருந்து தொடங்குவேன். அடுப்பு பூதம் எந்தப் பக்கம் எப்போது துப்பும் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் தனி ஆளாக முடிக்க முடிந்ததில்லை. ஓர் உயிர், ஒரே ஓர் உயிர் எப்போதும் குறையும். ஒவ்வொரு முறை அந்த உயிர் குறையும்போதும் சின்னவன் நினைவு வரும். தம்பியைத் தினமும் நினைத்துக்கொண்டிருந்த அண்ணன் நான், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் பள்ளிப் பேருந்து ஓட்டினான். பிள்ளைகளுக்கு அவனை மிகவும் பிடிக்கும் என்று சொல்வார்கள். பிள்ளைகளுக்கு யாரைத்தான் பிடிக்காது. ஒருநாள் கால் வீங்கியது, பிறகு முகம் வீங்கியது. பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் என்று ஆரம்பித்தார்கள். வண்டியை விட்டு இறங்கினான். வீட்டில் எல்லோருக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது என்னுடையது.

அம்மா கடைக்கே வந்துவிட்டாள். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில், கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு அழுதாள்.

"பெரியவனே, உன்னோடது அப்படியே பொருந்துதாம்டா. நீ மனசு வெச்சா அவன் பொழச்சுக்குவான்."

"இதுல மனசு வைக்க என்னம்மா இருக்கு? என் தம்பிக்கு இல்லாததா?" என்றேன்.

சொல்லும்போதே எனக்குத் தெரியும், கொடுக்கப்போவதில்லை என்று. இதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். இடையில் பயந்தேன், மனம் மாறினேன் என்றெல்லாம் எழுதி எனக்குச் சலுகை தராதீர்கள். அன்றே முடிவு செய்ததுதான்.

அதன் பிறகு கிடைத்த மரியாதை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. கல்யாணமான நாளிலிருந்து என்னை 'அவரு' என்றே குறிப்பிட்டு வந்த மாமனார், முதல்முறையாக 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையக் கூப்பிட்டார். கண்ணாடி வாங்க வந்தவர்கள் விலை பேசவில்லை. ஒரு பைசாகூடச் செலவில்லாமல் நான் மகான் ஆகிவிட்டேன். கொடுப்பவனைவிடக் கொடுக்கிறேன் என்பவனுக்குத்தான் உலகத்தில் மதிப்பு அதிகம். கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மறந்துவிடுவார்கள்.

பிறகு ஒருநாள் தம்பி மனைவி வந்தாள். கையில் ஏதோ காகிதம், முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மாமா, டாக்டர் இன்னொரு வழி சொல்றாரு. என்னோடது இவருக்குப் பொருந்தலை. இதே மாதிரி இன்னொரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்களாம். நான் அந்த அண்ணனுக்குக் குடுத்தா அந்தக்கா இவருக்குக் குடுப்பாங்க. ரெண்டும் பொருந்துதாம். அவங்க தயாரா இருக்காங்க. எதுக்கு உங்க உடம்பைக் கெடுக்கணும்னு இவருக்கு ஒரே வருத்தம்."

"ஊரான் வீட்டு உறுப்பு எதுக்கும்மா? கூடப் பொறந்தவன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். நீ போய் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்தா பிள்ளைங்களை யாரு பாக்கிறது? மூச்சு விடாதே."

அவள் அழுதுகொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தத் தம்பதி சில வாரம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறொரு ஜோடியோடு போய்விட்டார்கள். இப்போது நால்வரும் நலமாக இருப்பதாகக் கேள்வி. நலமாக இருக்கட்டும். எனக்கு அவர்கள்மேல் ஒரு கோபமும் இல்லை.

நாளைக் கடத்துவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. கடையில் சரக்குக் கணக்கு எடுக்க வேண்டும் என்றேன். சளி பிடித்திருக்கிறது, சளியோடு மயக்க மருந்து கொடுக்கக்கூடாது என்றேன். மகளுக்குப் பரீட்சை என்றேன். பல்வலி என்றேன், பல்வலி மட்டும் உண்மை. ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் என் பரிசோதனைகளை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். எனக்கு அது பழக்கமான விஷயம்.

ஏன் கடத்தினேன் என்று கேட்பீர்கள். முதல் நாளே முடியாது என்றிருந்தால் அவன் வேறு வழி பார்த்திருப்பானே என்பீர்கள். பார்த்திருப்பான். பிழைத்தும் இருப்பான். ஆனால் நான் காத்திருந்தது அவன் என்னிடம் கேட்பதற்காக. அன்றைக்குக் கேட்காமல் எடுத்தவன், இன்றைக்காவது வாயைத் திறந்து, "அண்ணா, எனக்கு ஒரு உயிர் குடு" என்று கேட்கட்டும். அம்மா கேட்டாள், அவன் மனைவி கேட்டாள், மாமனார்கூட மறைமுகமாகக் கேட்டார். அவன் கேட்கவில்லை. நிறுத்தும் பட்டன் என் கையில் இருந்தது. அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒருநாள் மதியம் டயாலிசிஸ் அறைக்குப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இயந்திரம், குழாயில் இரத்தம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அவன் கை குச்சிபோல் ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"அண்ணா, அடுப்பு பூதத்தை முடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லடா. ஒரு லைஃப் குறையுது."

"தனியா முடியாதுண்ணா அது. ரெண்டு பேர் வேணும். எனக்குச் சரியாகட்டும், வரேன்."

"நீ வந்து என்ன செய்யப்போற?"

"எப்பவும் செஞ்சதுதான். குதிப்பேன்."

நான் காத்திருந்தேன். இப்போது கேட்பான் என்று நினைத்தேன். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணா, உனக்குப் பயமா இருந்தா வேணாம்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். சீக்கிரம் சொல்லிட்டியின்னா வேற ஏதாச்சும் பாத்துக்கலாம்."

திமிரைப் பார்த்தீர்களா? சாகக் கிடக்கிறவன், எனக்கு விடுதலை கொடுக்கிறானாம். "போடா லூசு, எனக்கென்ன பயம்" என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் எல்லாக் காரணமும் தீர்ந்து, அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஒரு வழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்காது. கொடுப்பவரைத் தனியே ஓர் அறைக்கு அழைத்துப்போய்ப் பேசுவார்கள். வீட்டார் யாரும் உடன் இருக்கக்கூடாது. என்னிடம் பேசியது கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா. கண்ணாடி மூக்கில் சரியாக உட்காரவில்லை. வேறு நேரமாக இருந்தால் நானே சரிசெய்து கொடுத்திருப்பேன்.

"யாராவது வற்புறுத்தினாங்களா? விருப்பம் இல்லைன்னா இப்பவும் சொல்லலாம். காரணத்தை வெளிய சொல்லமாட்டோம். உங்க வீட்டுல, 'பரிசோதனையில சரியா வரலை'ன்னு மட்டும் சொல்லிடுவோம்" என்றார்.

எவ்வளவு கருணையான ஏற்பாடு பாருங்கள். பயந்து நடுங்குபவர்களைக் காப்பாற்றுவதற்காகச் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்குப் பயமும் இல்லை, நடுக்கமும் இல்லை. "விருப்பமில்லை" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்ல குளிர்ந்த தண்ணீர்.

வெளியே வந்து தலையைக் குனிந்து நின்றேன். செய்தி கேட்டு எல்லோரும் எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு பிள்ளைங்களுக்கும் இப்படியா" என்று அழுதாள். தம்பி போனில், "விடுண்ணா. நீ உன் உடம்பைப் பாத்துக்கோ" என்றான். அதற்கப்புறம் அவனுக்கு அதிக நாள் இல்லை. இன்னொரு ஜோடி கிடைக்கும் என்று பதிந்து வைத்துக் காத்திருந்தார்கள். டயாலிசிஸுக்குப் போகும் வழியில், அவன் ஓட்டிய பேருந்தைப் போலவே ஒன்று சாலையில் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது, காரிலேயே இதயம் நின்றுவிட்டது. பிள்ளைகள் கையசைத்ததாகவும் இவன் பதிலுக்குக் கை தூக்கியதாகவும் அவன் மனைவி சொன்னாள்.

ஒரு தண்டனையும் இல்லாமல் தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'பரிசோதனையில் சரியாக வரவில்லை' என்றால் எனக்கும் சிறுநீரகத்தில் கோளாறு என்றுதானே பொருள். என் மனைவி அன்றிலிருந்து என் தட்டில் உப்பை நிறுத்திவிட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். நான் அந்தக் குப்பையை மூன்று வேளையும் தின்றேன். ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று. மறுத்தால், "உங்க தம்பியைப் பாத்துமா உங்களுக்குப் புத்தி வரலை" என்று கண்ணைத் துடைப்பாள். நல்ல மனைவி கிடைப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த நல்ல குணம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது. உப்பை நிறுத்தியதோடு விடாமல், வேறொரு பெரிய டாக்டரிடம் என்னைத் தரதரவென்று இழுத்துப் போனாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இவருக்கு என்னம்மா? ரெண்டு சிறுநீரகமும் இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கு" என்று சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அன்று குழம்பில் உப்பு இருந்தது. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் வழியில் தம்பி வீட்டில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

தம்பி மனைவி உங்களிடம் வருவதற்கு முன் இங்கேதான் வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை.

"ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

நியாயமான கேள்வி, அதனால் நியாயமாகப் பதில் சொன்னேன். அந்த மத்தியானத்தைச் சொன்னேன். அவன் கேட்காமல் எடுத்த உயிர்களைச் சொன்னேன். அவள் கேட்டு முடித்தாள். பிறகு பையைத் திறந்து அந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. இதுல தண்ணி அடிக்கிற பட்டன் உள்ள போயிடுச்சு, பாருங்க. நீங்க ஒருநாள் கோவத்துல சுவத்துல அடிச்சீங்களாம். ஒத்தப் பட்டனை வெச்சுக்கிட்டு ரெண்டையும் சேத்து எப்படி மாமா அழுத்துவாரு?"

நான் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"எடுத்தது நீங்க. அதையே சிரிச்சுச் சிரிச்சு எங்ககிட்டச் சொல்வாரு. 'அண்ணனுக்கு வேணும்னு மணியைத் தேடித்தேடித் தொட்டு லைஃப் சேத்து வெப்பேன். அவன் உச்சிக்குப் போனா நானும் போன மாதிரிதானே'ன்னு." சொல்லிவிட்டு எழுந்து உங்களிடம் வந்துவிட்டாள்.

அவன் அப்படிச் சொல்லியிருக்கலாம். செத்துப்போனவர்கள் எல்லோருமே உத்தமர்கள்தான். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். எடுத்தது நானாக இருந்தால், அத்தனை அடி வாங்கியபோது அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டானா? சாகக் கிடந்தபோதாவது, "அன்னிக்கு நான் குடுத்தேனே, இப்ப நீ குடு" என்று திருப்பிக் கேட்டிருக்கமாட்டானா? கொடுத்தவன் எவனாவது கேட்காமல் இருப்பானா? அவன் கேட்கவில்லை. அதுவே சாட்சி.

ஆனாலும் என் தொழில் சோதித்துப் பார்ப்பது. இது தெளிவா, அது தெளிவா என்று மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டாமல் நான் யாருக்கும் கண்ணாடி கொடுத்ததில்லை. அதனால் இன்று காலை அந்த ஜாய்ஸ்டிக்கையும் செருகினேன். இத்தனை வருடமாகத் தனியாக ஆடியவனுக்கு அந்த இரட்டை அழுத்தலுக்கு வேலையே வந்ததில்லை. எடுப்பதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தால்தானே. நீலத் தொப்பியைத் தீ வராத மூலையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் அது என் பின்னாலேயே வந்து, மூலையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. உச்சி மாடி. வழக்கமான இடத்தில் என் உயிர் தீர்ந்தது.

தீர்ந்த அந்தக் கணத்தில், நான் நினைப்பதற்கு முன்பே, என் கட்டைவிரல் இரண்டு பட்டன்களின் நடுவே சாய்ந்து இரண்டையும் ஒருசேர அழுத்தியது. சிவப்புத் தொப்பி எழுந்தது. மறுபடி தீர்ந்தது, மறுபடி அழுத்தியது. மூலையில் நீலத் தொப்பி இல்லாமல் போனபோது அடுப்பு பூதம் அணைந்திருந்தது. நீங்கள் வரும்போது பார்த்தீர்களே திரையில், கோபுரத்தின் உச்சியில் ஒருவன் மட்டும் நின்று கையசைத்துக்கொண்டிருந்தானே, அதுதான் முடிவு. முடித்துவிட்டேன்.

எழுதிக்கொண்டீர்களா? அந்த விரலைப் பற்றியும் எழுதுங்கள், ஒன்றையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை. அது தேடவில்லை, தடுமாறவில்லை, நாள் தவறாமல் செய்த வேலைபோல் நேராகப் போய் அழுத்தியது. சின்னவன் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்தான். வேறு எப்படி வந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.